சின்னிக்காகப் போன மீசை

எல்லா ஆளுக்கும் மீசை இருக்கும். திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் எங்கள் தெருவில் மட்டும் ஒரு மீசைக்கு ஆள் இருந்தார். ஃபேன், மோட்டார் ரிப்பேர் செய்பவர். தலை சுத்தமான வழுக்கை. அங்கே முளைக்க வேண்டியதெல்லாம் வழி மாறி மூக்குக்குக் கீழே இறங்கிவிட்டது போலும். பேர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'மீசை'தான்.

அவர் வளர்த்த இன்னொன்று சின்னி. வெள்ளை வெளேரென்று ராஜபாளையம் நாய். மீசையையும் அவர் மனைவியையும் தவிர யார் கிட்டே போனாலும் பல்லைக் காட்டும். திருப்பதி நாய்க் கண்காட்சியில் சின்னியை நடக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்பது மீசையின் நெடுநாள் ஆசை. இந்த வருடம் பேர் கொடுத்த கையோடு அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டது. தண்ணீரைக்கூடத் தொடவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "பார்க்கலாம்" என்றார். மீசை ஏழுமலையானிடம் ஏதோ வேண்டிக்கொண்டார். என்னவென்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சின்னி பிழைத்தது. கண்காட்சியன்று விடியற்காலையிலேயே தன் மனைவியையும் துணைக்குப் போன என்னையும் சின்னியோடு மைதானத்தில் இறக்கிவிட்டு, "வேண்டுதலை முடிச்சிக்கினு தோ வந்துட்றேன்" என்று மலைக்குப் போய்விட்டார்.

அவர் வருவதற்குள் நான் ஒரு சுற்று வந்தேன். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய், கைப்பைக்குள் ஒரு நாய். ஒன்றுக்கு முடி உலர்த்த இரண்டு பேர். போலீஸ் நாய் ஒளித்துவைத்த பையை நொடியில் கண்டுபிடித்துக் கைதட்டல் வாங்கியது. பிள்ளைகள் லேப்ரடாரைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். ஒரு பக்கம் இலவசத் தடுப்பூசி, ஒரு பக்கம் இலவச பிஸ்கட். பாதி தின்ற பிறகுதான் அது நாய் பிஸ்கட் என்று தெரிந்தது. உப்பு கொஞ்சம் குறைவு.

மைக்கில் சின்னியின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அப்போது தலையிலும் முகத்திலும் சந்தனம் பூசிய ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து சின்னியின் கயிற்றைப் பிடித்தார்.

"யாரு நைனா நீ? உடு, கடிச்சிடும்!" என்று கத்தினார் மீசையின் மனைவி.

"நான்தாண்டி!"

"அய்யோ தேவுடா! மீசை எங்க?"

"மலையில குடுத்துட்டேன். தலையில என்னா இருக்குது, குடுக்க?"

மனைவிக்கே தெரியவில்லை, சின்னிக்கு எப்படித் தெரியும்? கிட்டே போனால் ஒரே சந்தன வாசனை. நடுவருக்கு முன்னால் உறுமியது. மீசையோ யூடியூபில் கற்ற இங்கிலீஷில், "கமான் பேபி, சிட் பேபி" என்று கொஞ்சினார். அது இன்னும் பின்வாங்கியது. நடுவரும் பின்வாங்கினார். கூட்டம் சிரித்தது.

"இதுக்கே நான் யாருன்னு தெரிலியே" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது.

தடுப்புக் கயிற்றுக்கு வெளியிலிருந்து மனைவி கத்தினார்: "ஊட்டுல பேசற மாதிரி பேசுய்யா!"

"ஏய் சின்னி! என் தட்டுல துன்னுட்டு என்னையே மொறைக்கிறியா? ரா இக்கட!"

வீட்டில் 'இங்கே வா' என்று அதட்டும் அதே தெலுங்கைக் கேட்டதும் சின்னியின் காது நிமிர்ந்தது. அடுத்த நிமிடம் முன்னங்கால் இரண்டும் அவர் தோளில். மீசை இருந்த இடத்தை நக்கித் தீர்த்துவிட்டது. மார்க் போடப் பல்லைப் பார்க்க நடுவருக்கு வழியே இல்லை. மனைவியிடம் காய்ச்சல் கதையைக் கேட்டவர், "உடம்பு நல்லா தேறியிருக்கு, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது வேனில் கேட்டேன், "கப்பும் இல்ல, மீசையும் போச்சு. வருத்தமா இல்லியா?"

"மீசை மொளைக்கும் நைனா. இது பொழச்சிக்கினுதே, அது போதும்." சின்னி அவர் மடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

இப்போது பாதி மீசை வந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு 'கமான் பேபி'யை விட்டுவிட்டு, தெருவே கேட்கத் திட்டித்தான் பழக்குகிறார். நானும் தினமும் ஏதாவது சாக்கு வைத்து அந்தப் பக்கம் போய்வருகிறேன். மீசை முழுசாக மூடிக்கொள்வதற்குள் அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாமே என்றுதான். அவ்வளவு நல்ல முகம்.