மூத்த மருமகளுக்குக் கொண்டுபோன பணியாரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பெரிய எழுத்தை மட்டும் வாசிக்கும் முட்டாள் நான். காப்புறுதிப் பத்திரமோ, மருந்துப் போத்தலோ, சின்ன எழுத்தில் இருப்பது என் கண்ணில் படவே படாது.

என் மனைவி வதனாவுக்கு முதலில் நிச்சயித்தது ஒரு டாக்டரை. அழைப்பிதழ் அச்சான பிறகு அவர் மனம் மாறிவிட்டார். மண்டபம் வீணாகக் கூடாதென்று என்னைப் பிடித்து, டாக்டரின் பெயருக்கு மேல் என் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினார்கள். (நல்ல பசை. இருபத்திரண்டு வருடமாகிறது, இன்னும் கழலவில்லை.) வதனாவின் அம்மாவான மாமி மட்டும் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறவரைப் போலவே என்னைப் பார்ப்பார். ஒரு தடவையாவது அவர் வாயால் "நல்ல மருமகன்" என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

மாமி லண்டனுக்கு வந்த புதிதில் எட்மண்டனில் ஒற்றை அறை வாழ்க்கை. மாமாவுக்கு எந்நேரமும் ஷிப்ட். மாமிக்குத் துணை, வாரம் ஒருமுறை வந்த ஓர் அமெரிக்கத் தொடர்: எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம், அண்ணன் தம்பிச் சண்டை, நடுவில் மூத்த மருமகளின் கண்ணீர். மாமிக்கு அப்போது ஆங்கிலம் விளங்காது. கண்ணீர் விளங்கும்.

அந்த மூத்த மருமகள் லண்டன் ஹோட்டல் ஒன்றில் ரசிகர்களைச் சந்திக்கிறார் என்று போன வருடம் ஒரு விளம்பரம் கண்டேன். பாத்திரத்தின் பெயர் பெரிய எழுத்தில். நடிகையின் பெயர் சின்ன எழுத்தில். உடனே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மாமி காஞ்சிபுரம் உடுத்து, பழைய பிஸ்கட் தகரப் பேணி நிறையப் பயற்றம் பணியாரத்தோடு வந்தார். ஒன்றரை மணி நேர வரிசை. "தம்பி, அவளைக் கண்டா நான் என்ன சொல்லுறது?" என்று முதல் தடவையாக என்னிடம் ஆலோசனை கேட்டார். எனக்கு உயரம் இரண்டு அங்குலம் கூடியது.

நடிகை உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் வந்ததும் மாமி பேணியை மூடினார்.

"இவள் இல்லை."

"வயசு போனா முகம் மாறும்தானே மாமி?"

"எனக்கு ஆளைத் தெரியாதே? இவள் நடுவில ஒரு வருசம் வந்தவள். ஒரு கிழமை அவள் அழுதாள், அடுத்த கிழமை அதே பேரோட இவள் வந்து நிண்டாள். புருசன்காரன்கூட ஒண்டும் கேக்கேல்லை! எனக்குத்தான் தலை பிசகி விசராக்கும் எண்டு நினைச்சன்."

இதற்குள் நடிகை, பணியாரம் தனக்கென்று நினைத்து இரு கைகளையும் நீட்டிவிட்டார். மாமி பேணியை விடவில்லை. நான் இழுத்தேன். மூடி கழன்று, பணியாரங்கள் கையெழுத்துப் படங்களின் மேல் உருண்டோடின. வரிசை முழுவதும் போனைத் தூக்கியது. (நாங்கள் வீடு போய்ச் சேருமுன்பே வதனா அதைப் பார்த்துவிட்டாள்.) பாவம் நடிகை, ஒன்றை எடுத்துக் கடித்து, அருமை என்றார். மாமி அதற்கும் இளகவில்லை.

நோர்பரியில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தேன்.

"ஆள் மாறினா என்ன மாமி? பாத்திரம் அதுதானே?"

மாமி தந்த பதிலை இன்றும் ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் என் மைத்துனர் எழுந்து நின்று, மாமியின் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்:

"உங்கட கலியாணத்திலயும் எல்லாரும் எனக்கு இதைத்தான் சொன்னவை."