கொஞ்சம் புரியாமல் இரும்மா

ஆசிரியர்களில் ஒரு புதிய இனம் தோன்றியிருக்கிறது, வாசகரே: உயர்நிலை ஆசிரியர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தவர். வாங்கியவர் அல்ல, அவர் சாது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாரே, அவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நேற்றுவரை சாக்பீஸும் கையுமாக வகுப்புக்குப் போனவர், இன்று கேமரா, அதற்கொரு ஸ்டாண்டு, சிக்கலான இரண்டு ஒயர், கனத்த ஒரு கோப்பு, அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்ல இன்னொரு கோப்பு என்று வீடு மாறுகிறவரைப் போலப் போவார். பலகையைத் துடைத்தால் அதற்கும் போட்டோ எடுப்பார். பையன் தும்மினால், "அருமை! இதுல இருந்து என்ன கத்துக்கிட்டே?" என்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம், "இன்னைக்கு இந்தச் சமையலோட நோக்கம் என்னம்மா?" என்று கேட்பார்.

"உங்க வாயை அடைக்கிறது."

நோக்கம் நிறைவேறியதாகத் தெரியவில்லை.

பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாரைத்தான் சொல்கிறேன். நல்ல மனிதர். அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆதாரம்: புரியாத ஒரு குழந்தைக்குப் புரிய வைப்பதை, நடுவில் வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மறுநாள் கடைசி நாள்.

புரியாத குழந்தைக்குப் பஞ்சமா என்ன? மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுமி. மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்குதான் பெரிது என்று இரண்டு மாதமாக அடம்பிடித்து வந்தாள். மூன்றைவிட நான்கு பெரிதல்லவா! கணக்கு என்றாலே அவளுக்கு அழுகை வரும்.

வாத்தியார் இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் கிழித்து அவள் கையில் கொடுத்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த வித்தையை அவர் சான்றிதழ்ப் பயிற்சியில்தான் கற்றார். சிறுமி துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். "சார்! நிறைய பேருக்குப் பங்கு போட்டா கொஞ்சம்தான் கிடைக்கும்!" என்று பெஞ்சின் மேலேயே ஏறிக் குதித்தாள். வகுப்பே கை தட்டியது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஏனென்றால் கேமராவுக்குப் பொறுப்பு நான்தான். அதை ஆன் செய்ய மறந்திருந்தேன்.

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லக் குனிந்து, "ஏம்மா, கொஞ்ச நேரம் மறுபடியும் புரியாம இரும்மா" என்றார்.

"எப்படி சார்?"

"முன்னாடி இருந்தியே, அப்படித்தான்."

முதல் தடவை, கேள்வி முடியுமுன்னே சரியான விடையைச் சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை சிரித்துவிட்டாள். மூன்றாம் தடவை வாத்தியார் நெற்றியைச் சுருக்கச் சொல்லிக் கொடுத்தார். நான்காம் தடவை வசனம் சொல்லிக் கொடுத்தேன் நான். ஏழாம் தடவைதான் பிரமாதமாக அமைந்தது. அவ்வளவு அழகான அறியாமையை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு மாட்டினார்கள். தலைமை ஆசிரியை மாலை போட்டார். வாத்தியாருக்கா சட்டத்துக்கா என்று கடைசி நொடிவரை அவருக்கே நிச்சயமில்லை.

அடுத்த வாரம் தேர்வு. அதே கேள்வி. சிறுமி நான்கில் ஒரு பங்குதான் பெரிது என்று எழுதி, அடித்து, மூன்றில் ஒரு பங்கு என்று எழுதி, அதையும் அடித்திருந்தாள்.

"என்னம்மா இது? உனக்குத்தான் தெரியுமே!"

அவள் கண்ணில் பழையபடி நீர் கோத்தது. "தெரியும் சார். ஆனா பரிட்சையில முதல்ல புரியாம இருக்கணுமா, நேரா புரிஞ்சிடலாமான்னு நீங்க சொல்லலையே சார்."

வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தார். நானும்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள்: உங்கள் குழந்தை சுவரை விட்டுவிட்டு முதன்முதலாக நாலு அடி நடந்து உங்களிடம் வந்ததே, அப்போது வாரி அணைத்தீர்களா, இல்லை, "இரு, இரு" என்று பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போனைத் தேடினீர்களா?