டைம்பீஸ் அண்ணாச்சியிடம் இல்லாத ஒரு மணி நேரம்

லாரியை நிறுத்துவதற்காகவே லாரி ஓட்டப் படித்த ஒரே மனிதர் இந்தப் பூமியில் டைம்பீஸ் அண்ணாச்சிதான். மற்ற டிரைவர்கள் எவ்வளவு நேரம் விடாமல் ஓட்டினோம் என்று மார்தட்டுவார்கள். அண்ணாச்சி எங்கெங்கே நிறுத்தினோம் என்று சொல்லிப் பெருமைப்படுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு லாரி ஆபீஸில் நான் கிளார்க். மூன்று லாரி, ஆறு டிரைவர், ஒரு முதலாளி, ஒரு நான். எந்த வண்டி எப்போது கிளம்பும், எதுவரை யார் ஓட்டுவது, எப்போது திரும்புவது என்று அட்டவணை போடுவது என் வேலை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மையில் போடுவேன். இத்தனைக்கும் அதுவரை நான் போயிருந்த நெடும்பயணம் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன கன்னியாகுமரி. அதிலும் பாதி வழி வாந்தி.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆறு டிரைவர்களுக்கும் அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே ஆகிவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாவி கொடுக்கிற டைம்பீஸ் ஒன்றைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருப்பார். நான்கு மணி நேரம் ஆனால் அது அலறும். அலறினால் வண்டி ஓரம் போகும், ஆள் மாறும். எந்த இடம், எந்த ஊர் என்ற பேச்சே கிடையாது.

மாறுவதும் லேசுப்பட்ட காரியமல்ல. இருந்த இடத்திலேயே சீட்டைத் தாண்டி மாறக்கூடாது. இவர் இறங்கி வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வருவார். ஜோடி டிரைவரான பாறசாலை சசி பின்பக்கமாகச் சுற்றிப் போவான். நடுவில் நின்று, இறங்குகிறவர் ஏறுகிறவனிடம் மூன்று சங்கதி சொல்ல வேண்டும்: வண்டி எப்படி, ரோடு எப்படி, தன் மனசு எப்படி.

“பிரேக்கு கொஞ்சம் தாழப் போவுது. வள்ளியூர் வரை பள்ளம் கெடக்கு. எனக்கு மக கல்யாண நெனப்பு வந்துட்டு, அதனால கடைசி அஞ்சு மைலு நான் ஓட்டல, வண்டிதான் ஓடிச்சு. நீ பாத்துக்க.”

“செரி அண்ணாச்சி, ஞான் நோக்கிக்கிடாம்.”

ஒருமுறை ரயில்வே கேட்டில் நிற்கும்போது டைம்பீஸ் அலறிவிட்டது. கேட் திறந்தாயிற்று. பின்னால் முப்பது வண்டி ஹார்ன் அடிக்கிறது. இவர்கள் இருவரும் சாமி சுற்றுகிற மாதிரி நிதானமாக லாரியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஓடி வந்து, “எந்தாடோ இது?” என்று கத்தினார்.

“டியூட்டி மாறுது சாரே. உங்களுக்கு மாறாதா?”

போலீஸ்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். பிறகு அவரே நின்று டிராபிக்கைச் சரி செய்து அனுப்பினாராம். சசி சொன்னது, பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

எனக்கும் அண்ணாச்சிக்கும் ஓயாத தகராறு ஒன்றுதான். செக்போஸ்ட்டிலும் மார்க்கெட்டிலும் காத்துக் கிடக்கிற நேரத்தை நான் ஓய்வு என்று பச்சை மையில் எழுதுவேன். அவர் அதையும் ஓட்டின நேரமாகத்தான் எண்ணுவார்.

“வண்டிதான் ஓடலையே அண்ணாச்சி?”

“வண்டி நிக்கும்வே. நான் என்ன கண்ணைக் கழத்தி டப்பாவுல போட்டுட்டா நிக்கேன்?”

நான் சிரிப்பேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் ஓணம் வந்தது. திருவோணத்துக்கு முந்தின நாள் உத்திராடம். அன்றைக்கு ஊரே ‘சாலை’ என்கிற பெரிய கடைத்தெருவுக்குள் இறங்கிவிடும். காலை எட்டு மணிக்குள் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வந்து இறங்கும் என்று முதலாளி கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி அண்ணாச்சியுடையது. ஆனால் ஒட்டன்சத்திரத்தில் லாரிகள் வால்போல நின்றன. மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய லோடு ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அண்ணாச்சியும் சசியும் வெயிலில் வண்டியை அடி அடியாக நகர்த்திக்கொண்டு நின்றார்கள். நான் போனில், “அதான் நல்ல ரெஸ்ட் கிடைச்சாச்சே!” என்று சொல்லி, அட்டவணையைப் பச்சையில் திருத்தி எழுதினேன்.

உத்திராடத்தன்று காலை ஆறு மணிக்கு போன்.

“சாரே, களியக்காவிளையில நிக்கோம். படுக்கப் போறோம்.”

“அண்ணாச்சி! இன்னும் ஒரு மணி நேரம்தானே!”

“அந்த ஒரு மணி நேரம் எங்க ரெண்டு பேருட்டயும் இல்லவே.”

முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது. “நீ போவே. ஆளைக் கெளப்பிக் கூட்டிட்டு வா. வரமாட்டேன்னா சாவிய வாங்கிட்டு வா. நாளையிலேருந்து அவனுக்கு இங்க சோலி கெடையாது.”

பஸ் பிடித்துப் போனேன். டீக்கடை ஓரம் லாரி. மேலே தார்ப்பாயில் சசி, கேபினில் அண்ணாச்சி. டைம்பீஸில் அலாரம் ஒன்பதுக்கு. கதவைத் தட்டினேன். வேலை போகும் என்றேன். சாவியைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். ஒரே ஒரு கண்ணைத் திறந்தார்.

“நீரு எத்தன மணி நேரமா முழிச்சிருக்கீரு?”

விரல் விட்டு எண்ணினேன். ஓணம் புக்கிங் என்று இரண்டு நாளாக ஆபீஸிலேயே கிடந்தவன். விரல் போதவில்லை.

அவர் நகர்ந்து இடம் விட்டார். “கேறும்.”

விளக்கம் சொல்வதற்காகத்தான் ஏறினேன். டைம்பீஸ் அலறியபோது ஒன்பது மணி. ஆளை எழுப்பப் போனவன் வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தேன்.

ஆரியசாலைக்கு வந்து சேரும்போது பத்தரை. கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சையெல்லாம் முதலாளி எங்களுக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். அண்ணாச்சி சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த மனிதருக்குக் கல்யாண வயதில் மகள் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வாழ்க்கையில் நான் வீரமாகப் பேசின வாக்கியங்கள் குறைவு. ஒன்று இது: “முதலாளி, தப்பு அட்டவணையில. அவங்க ஒம்பது மணி நேரம் முழிச்சு நின்னத நான் ரெஸ்ட்டுன்னு எழுதிட்டேன்.” சொல்லும்போது குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். திரும்பின வேகத்தில் என் வேலை போயிருக்கும். அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

“அவர விடுங்க முதலாளி. ரெண்டு நாளா ஒறங்காத மனுசன் எழுதுன எழுத்து அது. அவரையும் மாத்துறதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?”

“அப்போ ரெண்டு பேரும் சேந்து ஒறங்கிட்டு வந்திருக்கீங்க?”

“மூணு பேரு முதலாளி,” என்றான் வாசலில் நின்ற சசி. “ஞானும் உண்டு.”

முதலாளி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே லோடு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. உத்திராடத்தன்று பத்தரைக்கு வந்த காய்க்கும் ஆள் அடித்துப்பிடித்து நின்றது. சாவியை அண்ணாச்சி பக்கம் தள்ளினார். “போங்கவே, போய்த் தொலைங்க.”

அடுத்த வாரம் அண்ணாச்சி என் அட்டவணையை எடுத்து, ஆறு டிரைவர் பெயருக்குக் கீழே ஏழாவதாகக் கோணல் எழுத்தில் ‘சார்’ என்று எழுதினார். அன்றிலிருந்து ஊரில் இருக்கிற நாளெல்லாம் மாலை ஆறானதும் ஆபீஸுக்குள் வருவார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடி வைப்பார். நான் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வெளியே வருவேன். அவர் வழிவிட்டு நிற்பார்.

பிறகு எத்தனையோ ஆபீஸ், எத்தனையோ முதலாளிகள். வேலையை முடித்தாயா என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நான் தூங்கினேனா என்று பார்த்தவர் அண்ணாச்சி ஒருவர்தான்.