ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெட்டி

பாட்டுப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உதயரூபன் கேட்டான்.

"அண்ணன், இதில மைக் குத்துற ஓட்டை எங்க?"

"இல்ல," என்றார் அருமைநாயகம். "அதுதான் இதின்ர சிறப்பு."

அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து நாலு தாள்களை எடுத்தார். லண்டன் சஞ்சிகை ஒன்றில் அந்தப் பெட்டியைப் பற்றி வந்த விமர்சனம் அது. நூலகத்துப் பிரின்டரில் எடுத்து, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். இரண்டாம் பக்கத்தில் கோடு போட்ட வரியைத் தமிழாக்கி வாசித்தார். கண்ணை உறுத்தும் துவாரங்கள் எதுவுமில்லாத, துப்புரவான வடிவமைப்பு.

மைக் இல்லாமல் அறிவித்தல் எப்படிச் சொல்வது என்று உதயரூபன் கேட்டான். அதைப் பற்றி விமர்சனத்தில் இருக்கவில்லை.

பழுகாமத்துக்குத் தெற்கே, வாவிக்கரையோரமாக இருந்த அந்த ஊரில் ஆறு குடிகள். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வரும்போது ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். அன்றைக்கு அந்தக் குடியின் பாட்டு இரண்டு மணிக்குத் தொடங்கி வாவியைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரையில் கலியாணம் முடித்து இருக்கும் குடிக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தோணிக்கு வெளிக்கிடுவார்கள். எவ்வளவு தூரம் கேட்டதோ அவ்வளவுதான் குடியின் மதிப்பு. நேற்று அருமைநாயகத்தின் மனைவி சீதேவிப்பிள்ளையின் குடி, இன்று அருமைநாயகத்தின் குடி. தங்கள் குடி போட்ட பாட்டுக்கு அக்கரையில் நாய்கள் குரைத்தன என்று அவள் காலையில் தேநீர் கொடுக்கும்போது இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

அருமைநாயகம் முப்பது வருடமாக நூலகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறவர். வாயால் சொன்னதை அவர் நம்பமாட்டார். அச்சில் வந்ததைச் சந்தேகிக்கமாட்டார். ஊரெல்லாம் அலுமாரி அளவுப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துக் காதைக் கிழிக்கும்போது, தங்கள் குடி மட்டும் தேங்காய் அளவில் ஒரு உயர்தரப் பெட்டி வாங்கினால் என்ன என்று குடிக் கூட்டத்தில் கேட்டவர் அவர்தான். வயரும் வேண்டியதில்லை. ஹரல்ட் விற்மோர் என்கிற விமர்சகர் அதற்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

கூட்டம் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. குடியின் கோயில் விடயங்களைப் பார்க்கும் வண்ணக்கராக இருந்த, அருமைநாயகத்தின் தாய்மாமன் பெரிய போடியார், தனக்கு எண்பது வயதாகிவிட்டது, இந்த வருடச் சடங்கை மருமகன் ஒழுங்காக நடத்திக் காட்டினால் பொறுப்பை அவனுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அருமைநாயகம் இருபது வருடமாக அந்தப் பொறுப்புக்குக் காத்திருந்தார். அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சுவிசில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி போன கிழமை பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். கோயிலுக்கென்று வாங்கிய எதையும் அம்மன் முன்னால் வைத்து எடுக்காமல் பாவிக்கக்கூடாது. அதனால் அது ஒரு கிழமை அலுமாரிக்கு மேல் பிரிக்காமல் இருந்தது. ஒருதரம் போட்டுப் பார்த்தால் அம்மன் கோபிக்காது என்று சீதேவிப்பிள்ளை சொன்னாள்.

"முப்பது வரிசம் இதயே கேட்டுக்கிட்டு இரிக்கிற மனிசன் அஞ்சு நட்சத்திரம் குடுத்திரிக்கான்," என்றார் அருமைநாயகம். "நான் ஒருக்காப் போட்டுப் பார்த்து அதுக்கு மேல என்னத்த அறியப்போறன்?"

வாடகைப் பெட்டிக்காரனுக்கு வரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார்.

கைப்பேசியைப் பெட்டியோடு இணைப்பதற்குச் சுலோஜனாவைக் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தினமும் நூலகத்தின் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஏதாவது தட்டிக்கொண்டிருப்பாள். வேலை தேடுகிறாள் என்று அருமைநாயகம் நினைத்திருந்தார். அவள் பெட்டியைக் கையில் வாங்கி, படத்தில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையை நேரில் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தாள். பிறகு அருமைநாயகத்தின் கைப்பேசியை இணைத்தாள். இருக்கட்டும் என்று உதயரூபனின் கைப்பேசியையும் இணைக்கச் சொன்னார்கள். அதையும் இணைத்தாள்.

பெட்டியை அம்மன் முன்னால் வைத்து எடுத்தபின், இரண்டு மணிக்குப் பாட்டு தொடங்கியது. உண்மையில் மிக நல்ல சத்தம். கோயில் மண்டபத்துக்குள் இருந்தவர்களுக்குப் பாடுகிறவர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. பெரிய போடியார் பக்கத்தில் கதிரையில் இருந்து தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் சீதேவிப்பிள்ளை சமையல் பக்கமிருந்து வந்தாள்.

"எப்ப போடப்போறீங்க?"

"போட்டு அரை மணித்தியாலம்."

சமையல் பக்கம் இருபது யார் தூரத்தில்தான் இருந்தது.

அருமைநாயகம் தாள்களை மறுபடி பார்த்தார். அயலவருக்குத் தொந்தரவு தராமல் அறையை நிறைக்கும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதற்கும் அவர் கோடு போட்டிருந்தார். உதயரூபனுக்கு வாசித்துக் காட்டினார்.

"அயலாருக்குத் தொந்தரவு குடுக்கத்தானே அண்ணன் பாட்டே போடுற," என்றான் உதயரூபன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. கடினமான கல்லின் மேல் வைத்தால் அடித்தொனி இரண்டு மடங்காகும். கோயில் வளவில் கடினமான கல் என்றால் வாசலில் தேங்காய் உடைக்கும் கல்தான். பெட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தார்கள்.

"சேர்," என்றாள் சுலோஜனா மெதுவாக. "அந்தக் கல்லு விசயம் அவ்வளவு சரி வராது போல."

"புள்ள, உனக்கும் எனக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும்."

அவள் தலை குனிந்துகொண்டாள்.

சத்தம் இரண்டு மடங்காகவில்லை. ஆனால் தேங்காய் உடைக்க வந்தவர்கள் உடைக்க இடமில்லாமல் வரிசையாக நின்றார்கள். அவசரக்காரர் ஒருவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே அடித்தார். இளநீர் பெட்டியை முழுக்காட்டியது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விமர்சனத்தில் இருந்தது. அப்படியே ஒன்றும் ஆகவில்லை. அருமைநாயகம் சுற்றி நின்றவர்களை ஒருதரம் பெருமையாகப் பார்த்தார்.

அதற்குள் வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், கல்லின் மேல் கறுப்பாக, உருண்டையாக, நனைந்த மேனியோடு அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த அதைப் பார்த்துக் கும்பிட்டு, குங்குமம் வைத்தாள். பின்னால் வந்தவள் பூ வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவள், முன்னால் இரண்டு பேர் வைத்துவிட்டார்களே என்று கர்ப்பூரத்தைக் கொளுத்தினாள். அருமைநாயகம் ஓடிப்போய்க் கையால் அணைத்தார்.

"தண்ணிக்கும் தூசிக்கும் தாங்கும் எண்டு இரிக்கி," என்றார் விரலை ஊதிக்கொண்டு. "கர்ப்பூரத்தப் பத்தி ஒண்டும் எழுதல்ல."

மணி நாலாகியது. அக்கரையிலிருந்து ஒரு தோணியும் வரவில்லை.

உதயரூபன் உழவு மெஷின் ஓட்டுகிறவன். எதையும் திருத்துவதற்கு அவனிடம் ஒரு யோசனை இருக்கும். சோறு சமைக்கும் பெரிய கிடாரத்தை வாவிப் பக்கம் வாய் பார்க்கச் சரித்து, பெட்டியை அதற்குள் வைத்தால் குழல் மாதிரி சத்தம் நேரே அக்கரைக்குப் போகும் என்றான். விமர்சனத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று அருமைநாயகம் தயங்கினார். ஆனால் அக்கரையைப் பார்த்தார், போடியாரைப் பார்த்தார், பிறகு சரி என்றார்.

சமையல் பக்கத்தில் அரிசி கழுவிக் காத்திருந்த பெண்களிடமிருந்து கிடாரத்தை வாங்கி வருவதற்கு அவர் சீதேவிப்பிள்ளையைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவள் கிடாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் குடிக்குக் கிடாரத்தில் சோறு மட்டுந்தான் போட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சத்தம் பெருகியது. அதில் குறையில்லை. ஆனால் பாட்டின் சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவது போலிருந்தது. இவ்வளவாவது வந்ததே என்று அருமைநாயகம் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கரையில் ஏதாவது அசைகிறதா என்று பார்க்கத் துறைப்பக்கம் நடந்தார்.

அவர் தூரம் போகப் போகப் பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றது. பெட்டி, பக்கத்தில் நின்ற உதயரூபனின் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டது. அது உதயரூபனுக்குத் தெரியாது. அந்த நேரம் அவனுக்கு வாட்சப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அக்கரையில் இருக்கும் அவனுடைய தமையனின் மனைவி அன்னப்பூரணி அனுப்பியது. அவன் அதை அழுத்திவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தான். காதில் ஒன்றும் கேட்கவில்லை.

கிடாரத்துக்குள்ளிருந்து அன்னப்பூரணி பேசினாள். பேச்சென்றபடியால் கிட்ட நின்றவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"தம்பி, நாங்க வெளிக்கிட்டு ரெண்டு மணியில இரிந்து நிக்கிறம். உங்கட குடிர சத்தம் ஒண்டும் இல்ல. ஆரும் மோசம் போயிட்டாங்களா? துடக்கெண்டாச் சொல்லுங்க, நாங்க வரல்ல."

குடியில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் குடிக்காரர் எல்லாருக்கும் துடக்கு, கோயிலுக்குள் நிற்கக்கூடாது. முன்னுக்கு நின்றவர்களுக்குத்தான் அது கேள்வி என்று தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் 'மோசம்' என்பதையும் 'துடக்கு' என்பதையும் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற பெண்கள் வெளியே இறங்கினார்கள். தேங்காய் வரிசை கலைந்தது. உள்ளே பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த கப்புகனார் மணியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, மோசம் போனது யார் என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. குடியில் மூத்தவர் யாரோ அவராகத்தான் இருக்கும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பெரிய போடியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதிரையில் தலை சாய்ந்து, வாய் திறந்து, அசையாமல் இருந்தார். ஒரு பெண் அழத் தொடங்கினாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அழுகைச் சத்தத்தில் போடியார் கண் விழித்தார். தன்னைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னகா, ஆருக்கு அழுறீங்க?"

அழுதவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பூசை ஒன்றரை மணித்தியாலம் பிந்தி நடந்தது. வாடகைப் பெட்டிக்காரனுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார்கள். அவன் வெல்லாவெளியில் ஒரு கலியாண வீட்டில் நின்றான். அக்கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. சோறு பிந்தியது கடைசியில் ஒரு குறையாகத் தெரியவில்லை, சாப்பிட ஆளில்லை.

பொழுதுபடும்போது போடியார் அருமைநாயகத்தைக் கூப்பிட்டார். குடிக்காரர் சுற்றி நின்றார்கள்.

"மருமகன், பிழை உன்னிலயா, அந்த எழுதினவனிலயா?"

எழுதினவனில் என்று சொன்னால் போதும். வண்ணக்கர் பொறுப்பு கிடைத்துவிடும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அருமைநாயகம் பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"எழுதினவர் பிழை விடுற ஆளில்ல மாமா. உப்புக் காத்து, ஈரம், நம்மட இடத்துக் காரணம் என்னவாச்சும் இரிக்கும்."

"அப்ப பிழை உன்னில."

அருமைநாயகம் உறைக்குள் தாள்களைச் சரிசெய்தார்.

"சரி, அவனுக்கே எழுதிக் கேள்," என்றார் போடியார். "சடங்கு முடியக்குள்ள அந்த ஆள் தன்ர வாயால 'பிழை என்னிலதான்' எண்டு குடிக்கு முன்னால சொன்னா, பொறுப்பு உனக்கு. இல்லாட்டி வேற ஆளப் பார்க்கிறன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லண்டன்காரன் வந்து பழுகாமத்தில் பஸ் இறங்குவான் என்று உதயரூபன்கூட நம்பவில்லை.

மறுநாள் காலை அருமைநாயகம் வழக்கத்துக்கு முந்தியே நூலகத்தைத் திறந்தார். சுலோஜனா வந்து மூலையில் உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, தான் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டித் தரும்படி கேட்டார். விமர்சனத்தின் அடியில் விற்மோரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது.

கடிதம் மரியாதையாக இருந்தது. தங்கள் எழுத்தில் எனக்குக் குறையேதும் இல்லை என்று தொடங்கியது. கல், இளநீர், கர்ப்பூரம், கிடாரம் எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கில் சொன்னது. ஒரு உயிருள்ள மனிதருக்கு மூன்று பேர் அழுததையும் சொன்னது. தாங்கள் இந்தப் பெட்டியை எந்த அளவு அறையில், எத்தனை நாள், எந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து அறியத் தந்தால், நான் எங்கே பிழை விட்டேன் என்று என் குடிக்காரருக்கு விளக்குவேன் என்று முடிந்தது.

சுலோஜனா ஒரு சொல்லும் விடாமல் தட்டினாள். கடைசிக் கேள்வி வந்தபோது அவள் விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அதையும் தட்டினாள்.

அருமைநாயகம் ஒருதரம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தாள். திருப்தியாக இருந்தது.

"சரி புள்ள, அனுப்பு."

அவள் அனுப்பவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அனுப்பத் தேவல்ல சேர்," என்றாள். "அது எனக்குத்தான் வரும். விற்மோர் எண்ட பேரில அந்தச் சஞ்சிகைக்குக் காசுக்கு எழுதுறது நான்தான். பெட்டிய நானும் நேத்துத்தான் முதல் கண்டன்."