பட்டிமன்றத்துக்கு வந்த பிராந்திப் பெட்டி

நான் பிராந்தி குடித்ததே இல்லை. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழர்களில் இதை நம்பக்கூடியவர் என் அம்மா ஒருவர்தான். அவரும் வெளியில் சொல்ல மாட்டார்.

எல்லாம் கிறிஸ்மஸுக்கு அவர் செய்யும் நத்தார் கேக்கால் வந்த வினை. முந்திரிகை வற்றலை மாதக்கணக்கில் பிராந்தியில் ஊறவைத்துச் செய்கிற கேக். ஆனால் கோயில் மாதர் சங்கத் தலைவியாயிற்றே, "எங்கட கேக்கில ஒரு துளியும் இல்லை" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பித்தான், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்த அருளப்பு மாஸ்ரர் வருடந்தோறும் வந்து வயிறாரச் சாப்பிட்டார். (சாப்பிட்டதும் மனதுக்கு ஒரு ஆறுதல் வருகிறது என்பார். வராமல் என்ன செய்யும்?)

கடையில் வாங்கினால் யாராவது காண்பார்கள். அதனால் எனக்குப் பதினெட்டு வயதானதும் இணையத்தில், என் பெயரில் எடுக்கத் தொடங்கினோம். மதுப் பெட்டியை அயலவரிடம் கொடுக்க மாட்டார்கள், வயதைப் பார்த்து உரியவர் கையில்தான் தருவார்கள். அந்த வருடம் நானும் அம்மாவும் வேலையில் நின்றதால் பெட்டி ஒருமுறை திரும்பிப்போய்விட்டது. உடனே என் மூளை வேலை செய்தது. சனிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் பட்டிமன்ற ஒத்திகைக்குப் போவேன், அங்கே அனுப்பச் சொல்வோம். பன்னிரண்டு மணிக்கு முன் வரும் என்றார்கள். (ஜெர்மனியில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று நம்பிய வயது.)

பெட்டி வரவில்லை. அன்று மூன்று மணிக்குப் பட்டிமன்றம் தொடங்கியது. மதுவை வீடு தேடி அனுப்புவதைச் சட்டம் தடுக்க வேண்டுமா, வேண்டாமா? நடுவர், மாஸ்ரர். நான் 'தடுக்க வேண்டும்' அணி.

"எந்த டிரைவர் அவுஸ்வைஸ் கேட்டு வயது பாக்கிறார்? பெட்டியை எறிஞ்சுபோட்டு ஓடுறாங்கள். நாளைக்கு உங்கட பத்து வயதுப் பிள்ளையின்ர கையிலயும் குடுத்திட்டுப் போவாங்கள்."

கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசையில் வேறு குத்தினேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞர் பெட்டியோடு வந்தார்.

"பிராவ் மரியநாயகம் இருக்கிறாரா?" என்று ஜெர்மன் மரியாதையோடு என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல நான் வாயெடுக்குமுன் இருநூறு பேர் என்னைக் காட்டினார்கள். நேரே மேடைக்கு ஏறினார். "மதுபானம். அடையாள அட்டையைக் காட்டுங்கள்." படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். (எதிரணி சொல்ல வேண்டியதை அவரே செய்து காட்டிவிட்டார்.)

"நல்லா செற் பண்ணியிருக்கிறாள் பிள்ளை" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார். நாடகம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் மாஸ்ரர் ஆவல் தாங்காமல் பெட்டியைத் திறந்துவிட்டார். மூன்று போத்தல். கூடவே ஓர் அட்டை. அதை ஒலிவாங்கியில் தமிழாக்கி வேறு வாசித்தார். "அன்பான மரியநாயகம் அம்மையாரே, ஆறு வருடங்களாக எங்களிடமே வாங்குவதற்கு நன்றி."

மாஸ்ரர் அட்டையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, இது ஆருக்கு?"

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். உண்மையைச் சொன்னால் அவருடைய மானம் போகும், மாஸ்ரரின் சத்தியமும் போகும். எனக்கு அம்மாவில் கோபம் கோபமாக வந்தது. முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"எனக்குத்தான் மாஸ்ரர். குடிக்க."

"மூண்டுமோ?"

"ஓம்."

மாஸ்ரர் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு, ஊற்றிவிடக் கழிவறைப் பக்கம் நடந்தார். அப்போதுதான் அம்மா ஓவென்று அழுதார். அந்த அழுகையில் துளியும் நடிப்பில்லை.

"மாஸ்ரர், ஊத்தாதேங்கோ. பெத்தவள் நான் இருக்கிறன், என்ர கையாலயே அதுகளை இல்லாமல் செய்யிறன்."

செய்தார். அந்த நத்தாருக்கு மாஸ்ரர் எங்கள் வீட்டில் கேக் சாப்பிட்டபடி, குடி குடலைக் கெடுப்பதைப் பற்றி ஒரு மணித்தியாலம் எனக்குப் புத்தி சொன்னார். "நல்லாச் சொல்லுங்கோ, நான் சொன்னாக் கேக்கிறாளில்லை" என்று அம்மா இன்னொரு துண்டு வைத்தார்.

தம்பி இன்றும் என்னை 'வாடிக்கையாளர்' என்றுதான் கூப்பிடுகிறான். அம்மாவோ, தன் செபத்தால் மகள் குடியை விட்ட கதையைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, எல்லோரையும் அழவைக்கிறார். போன மாதம் ஓர் அக்கா தன் கணவரை எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"தங்கச்சி, எப்பிடி விட்டனீங்கள் எண்டு இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"முதல் மூண்டு நாள்தான் அண்ணை, சரியான கஷ்டம்."