தாசில்தாருக்குச் சர்க்கரை

தாசில்தாரின் காதில் குத்தி எடுத்த ரத்தத்தில் சுகர் முந்நூற்றுப் பத்து என்று மீட்டர் காட்டியதும் வீரையாவுக்கு நெஞ்சு திக்கென்றது. நேற்று இருநூற்றைம்பதுதான்.

தாசில்தார் அவர் வளர்க்கும் பூனை. அடுப்படிச் சட்டி பானையை ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் படுத்துவிடுவதால் அந்தப் பெயர். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அதுதான் எல்லாம். அதற்குச் சுகர் என்று ராமநாதபுரத்து மாட்டு டாக்டரம்மா ஜஸீலா சொன்னதிலிருந்து, நயினார்கோவில் பக்கத்துச் சனமெல்லாம் வந்து பார்த்து வாயைப் பிளந்தது.

"சோறு, பால், இனிப்பு கூடவே கூடாது. அவிச்ச மீன் மட்டும். தினம் காதுல குத்திப் பாருங்க. இறங்கலைன்னா ஊசி. அதுக்கும் கேக்கலைன்னா உசுருக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லித்தான் டாக்டரம்மா மீட்டரைக் கொடுத்திருந்தார்.

வீரையா பூனையை மடியில் அமுக்கி, காதைக் கட்டைவிரலில் வைத்து அழுத்திப் பிடிப்பார். மனைவி முருகலட்சுமி பாதிக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவாள். அங்கன சிவப்பாக எது முட்டிக்கொண்டு வருகிறதோ, அதில் மீட்டரை ஒற்றுவாள். பூனை பிறாண்டுகிற பிறாண்டலில் அவருக்கு வேறெதுவும் உறைக்காது.

"தயிர்ச்சோத்தைக் கண்ணுல பாத்தே இதுக்கு ஏறுதுடி" என்றார் வீரையா. "இதோட பங்கையும் என் தட்டுலயே போடு. வெரசாத் தின்னு முடிச்சுர்றேன்."

மறுநாள் முந்நூற்று நாற்பது.

"கருப்பட்டிப்பால் வாசத்துலதான் ஏறுது போல. அதையும் நானே குடிச்சுர்றேன்."

"உங்களுக்கு ஆகுமா?"

"நம்ம பனையில இறக்குனது. கருப்பட்டி மனுசனை என்ன செய்யப்போகுது?"

முந்நூற்றெண்பது. அதன்பிறகு வீட்டில் சுட்ட பணியாரம் அத்தனையும் பூனை கண்ணில் படாமல் அவர் வயிற்றில் ஒளிந்தது. பூனையின் தண்ணீர்க் கிண்ணம் நிறைந்தபடி கிடக்க, அவர்தான் சொம்பு சொம்பாகக் குடித்தார்.

"என்னங்க, வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது" என்றாள் முருகலட்சுமி.

"கவலைதான். ராத்திரியெல்லாம் எந்திரிச்சு இதுக்கு மூச்சு இருக்கான்னு பாத்துட்டு, அப்படியே வெளிய போயிட்டு வாரேன்."

நானூற்றுப் பத்தைத் தொட்ட அன்று தாசில்தார் ஓர் அணிலைத் துரத்திக்கொண்டு பனையில் பாதி ஏறிவிட்டது. மேலெல்லாம் மினுமினுப்பு. பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கும்பிட்டே விட்டாள். "நானூத்திப் பத்தோட பனை ஏறுதுன்னா இது பூனையில்லை முருகு. என் கொழுந்தன் முந்நூறுலயே கட்டிலைவிட்டு எந்திரிக்கலை."

வீரையாவுக்கு உடம்பு புல்லரித்தது. இத்தனை நாள் மடியில் கிடந்தது என்னவென்று தெரியாமல் போச்சே என்று மருகினார். வியாதியை இந்தச் சின்ன உடம்பில் அடக்கிவைத்துக்கொண்டு, நம் மனசு நோகக் கூடாதென்று ஓடியாடிக் காட்டுகிறதோ என்று நினைத்தபோது கண் கலங்கியது. தெய்வமே ஆனாலும் உசுரு உசுருதானே. கூடையில் வைத்து ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

டாக்டரம்மா தானே பூனைக் காதில் குத்தித் தன் மீட்டரில் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எம்புட்டு இருந்தாலும் சொல்லுங்க தாயி, மனசைக் கல்லாக்கிக்கிட்டுத்தான் வந்தோம்" என்றார் வீரையா. நாக்கு வறண்டது. மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

டாக்டரம்மா காலி பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தார். "வீட்டுல எப்படி எடுப்பீங்களோ, அதே மாதிரி இங்கன எடுத்துக் காட்டுங்க."

வீரையா காதை அழுத்திப் பிடித்தார். முருகலட்சுமி கண்ணை மூடிக் குத்தி, ஒற்றி, மீட்டரை நீட்டினாள். நானூற்றுப் பத்து.

டாக்டரம்மா அவர் கட்டைவிரலைப் பிடித்து, மெதுவாக வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பூனைக்கு அவிச்ச மீன்லயே எண்பத்தொம்பதுக்கு இறங்கிருச்சு, ஊசி காதைத் தாண்டி உங்க விரல்ல இறங்கியிருக்கு, இந்த நானூத்திப் பத்தும் உங்களோடதுதான் அய்யா."