கடலோரத்தில் ஒரு குறையில்லாத வீடு

“வீடு கல்லு மாதிரி இருக்குங்க” என்று எஞ்சினியர் பிரபாகரன் சொன்னதும் சுப்பராயலு பதறிப்போனார்.

“நல்லாப் பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்.”

“பின்னாடி பக்கம்?”

“பின்னாடி, முன்னாடி, மொட்டை மாடி, அஸ்திவாரம் எல்லாம் பாத்துட்டேன். கடலோரத்துல இவ்ளோ ஒழுங்காக் கட்டின வீட்டை நான் பாத்ததே இல்ல. கண்ணை மூடிகினு வாங்கலாம்.”

சுப்பராயலு கண்ணை மூடித்தான் பார்த்தார். திறந்தபோதும் வீடு அங்கேயேதான் இருந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில், வெள்ளையடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றது.

அவர் அதை வாங்க வரவில்லை. வாங்காமல் தப்பிப்பதற்காக வந்திருந்தார்.

ஆரணியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருப்பவர் சுப்பராயலு. ஆரணியை விட்டால் காஞ்சிபுரம், காஞ்சிபுரத்தை விட்டால் ஆரணி. அதற்கு மேல் உலகம் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் கடலோர வீட்டு வாசலில் வந்து நிற்பதற்குக் காரணம், அவருடைய வெள்ளிவிழாக் கல்யாண நாளும், அங்கே அவர் கையில் சிக்கிய ஒரு மைக்கும்.

விருந்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. பாட்டுக் கச்சேரிக்காரர்கள் சாப்பிடப் போன நேரம், மைக் சும்மா கிடந்தது. சுப்பராயலு அதை எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டார்.

“கற்பகம்! இன்னைக்கி நீ இன்னா கேட்டாலும் வாங்கித் தரேன். கூச்சப்படாம கேளு!”

கம்மல் கேட்பாள், மிஞ்சிப் போனால் வாஷிங் மெஷின் கேட்பாள் என்று அவர் நினைத்திருந்தார். கற்பகம், பக்கத்தில் நின்ற தங்கை பரிமளாவை ஒருமுறை பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மைக்குக்குள் தெளிவாகச் சொன்னாள்.

“கடலோரமா ஒரு வீடு வாங்கிக் குடுங்க.”

மண்டபமே பிளக்கும்படி கைதட்டல் எழுந்தது. வீடியோக்காரர் விளக்கைத் தூக்கி சுப்பராயலு முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கேசட்டில் இருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் அதைச் சிரிப்பு என்று சொன்னதில்லை.

பந்தியில் புரோக்கர் வீரபாகுவும் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை பாக்கு வாங்குவதற்குள் வீட்டோடு வந்துவிட்டார்.

“முதலாளி, மரக்காணம் பக்கம் ஒரு வீடு இருக்குது. பாண்டிச்சேரி டாக்டர் ஒருத்தரு கட்டினது. புள்ளையோட வெளிநாடு போறாரு. ஜல்தியா முடிச்சிரலாம்.”

அத்தனை பேர் முன்னால் சொன்ன வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் சுப்பராயலு தூக்கம் கெட்டுத் திரிந்தார். அப்போதுதான், சவரக் கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடுமாம். கடலோர வீட்டை எஞ்சினியரை வைத்துச் சோதிக்காமல் வாங்கினால் தலையில் இடிந்து விழுமாம்.

பாதி சவரத்தோடு எழுந்து வந்துவிட்டார்.

பிரபாகரன் கண்ணமங்கலத்துக்காரர், வேலூரில் ஆபீஸ் வைத்திருந்தார். மாமனார் கட்டிய புதுவீட்டின் கிரகப்பிரவேசத்தன்று, பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது நிக்காது” என்று சொன்னவர். அந்த ஒரு கதையைக் கேட்டுத்தான் சுப்பராயலு அவரைத் தேடிப்பிடித்தார். இந்த ஆள் எதையும் பாஸ் பண்ணமாட்டார். ‘நான் வாங்கத்தான் துடிச்சேன், எஞ்சினியர் வேணான்னுட்டாரே’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

கிளம்பும் காலையில் கற்பகம் நல்ல சேலை கட்டிக்கொண்டு, புளியோதரையைக் கேரியரில் கட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

“நானும் வரட்டுங்களா? சமையக்கட்டு எப்பிடி இருக்குதுன்னு பாக்கறேன்.”

“நீ எதுக்கு? இது டெக்னிக்கல் வேலை. கார்ல எடமும் இல்ல.”

இடம் இருந்தது. ஆனால், அவள் வீட்டைப் பார்த்துப் பிடித்துப் போய்விட்டால் பிறகு பிரம்மாவே வந்தாலும் மீட்க முடியாது என்று அவர் பயந்தார். கற்பகம் கேரியரை மட்டும் காரில் வைத்தாள்.

மரக்காணத்தில் பிரபாகரன் சுவர் சுவராகச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். உத்தரத்தில் டார்ச் அடித்துத் துருக்கறை தேடினார். சுவரில் ஒரு துளி பூச்சைப் பெயர்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பே இல்ல. ஆத்து மணல்” என்றார். கடைசியில்தான் அந்தக் ‘கல்லு மாதிரி’ தீர்ப்பு.

“ஒரு கொறகூடவா இல்ல சார்?” சுப்பராயலு கெஞ்சினார். “நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

வீடு வாங்க வருகிறவர்கள் குறை சொல்லாதே என்றுதான் கெஞ்சுவார்கள். பிரபாகரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சொல்லணும்னா, ஜன்னல் கம்பி துருப் பிடிச்சிருக்கு. கெணத்துத் தண்ணி லேசா கரிக்குது.”

சுப்பராயலு முகம் மலர்ந்துவிட்டது. நேரே வீரபாகுவிடம் போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வீரபாகு, ஜன்னலெல்லாம் ஒரே துரு. எவ்ளோ ஆசையா வந்தேன் தெரியுமா? குடுத்து வெக்கல.”

ஆனால் வீட்டுக்கார டாக்டர், எஞ்சினியர் வந்து போன செய்தியைக் கேட்டு உருகிவிட்டார். “இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் கடலைப் பாத்துட்டு வெல பேசினாங்க. இவர் ஒருத்தர்தான் வீட்டைப் பாத்திருக்காரு. இவருக்குத்தான் குடுப்பேன்” என்று சொல்லி, பழைய ஜன்னல்களை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேக்கில் புதிதாகவே மாட்டிவிட்டார்.

வேறு வழியில்லாமல் சுப்பராயலு மறுபடியும் எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல்கள் பளபளவென்று இருந்தன.

“கெணத்துத் தண்ணி கரிக்குதே” என்றார் பலவீனமாக.

அடுத்த முறை போனபோது சவுக்குத் தோப்பு ஓரத்தில் புது போர் போட்டிருந்தார்கள். பிரபாகரன் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சுப்பராயலுவும் குடித்துப் பார்த்தார். இளநீர் மாதிரி இருந்தது. எரிச்சலில் இன்னொரு டம்ளர் குடித்தார்.

பிறகு, எல்லையை அளக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஒரு சர்வேயரை வரவழைத்தார். அவர் சங்கிலி போட்டு அளந்து முடித்து உதட்டைப் பிதுக்கினார்.

“வேலியத் தப்பா போட்டிருக்காங்க.”

“பாத்தியா!” சுப்பராயலு துள்ளினார். “பாத்தியா வீரபாகு! வில்லங்கம்!”

“ஆமாங்க. எடம் இன்னும் அந்தப் பக்கம் போவுது. அதோ அந்தத் தென்னை மரங்களெல்லாம் உங்க வீட்டோட சேர்ந்ததுதான்.”

சுப்பராயலு போய்க் கடற்கரையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். அலை வந்து காலை நனைத்தது. எழுந்து விலகலாம் என்று நினைத்தார். சுகமாக இருந்ததால் விலகவில்லை.

ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் கற்பகம் வாசலிலேயே நிற்பாள்.

“கடல் எப்பிடி இருந்திச்சிங்க?”

“உப்புக் காத்து. கம்பிக்கு ஆவாது.”

“இன்னா கலரு?”

“கடலு கலருதான்.”

“அலை சத்தம் உள்ள வரைக்கும் கேக்குதா? வேட்டி ஏன் நனைஞ்சிருக்குது?”

“அலை எதுவரைக்கும் வருதுன்னு செக் பண்ணேன்.”

இவள் என்ன இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாள், எஞ்சினியரைவிட மோசமாக இருக்கிறாளே என்று அவருக்குப் பேஜாராகிவிட்டது. இனி உண்மையை நம்பிப் பயனில்லை. பொய்தான் கைகொடுக்கும் என்று முடிவு செய்தார்.

முதலில் வீரபாகுவிடம் சொன்னார், எஞ்சினியர் ரகசியமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துக்க முகத்தோடு கற்பகத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

“கற்பகம், மனசைத் தேத்திக்கோ. ஒரு புயலடிச்சா வீடு அப்பிடியே படுத்துக்குமாம். எஞ்சினியரே சொல்டாரு.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். கற்பகத்தின் முகத்தில் ஏதோ வெளிச்சம் மாதிரி ஒன்று வந்தது.

“அப்பிடியா? சரி, வீடு வேணாம் வுடுங்க. அதுக்குப் பதிலா எனக்கு ஒண்ணே ஒண்ணு...”

“யாரு சார் சொன்னது படுத்துக்கும்னு?”

வாசலில் பிரபாகரன் நின்றுகொண்டிருந்தார். வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த வியர்வையோடு, கையில் சுத்தியல் பையோடு. பின்னால் வீரபாகு. வீரபாகுதான் அவசரப்பட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், “இன்னா சார் இப்பிடிச் சொல்லிட்டீங்க?” என்று எஞ்சினியரிடம் சண்டை பிடித்திருக்கிறார்.

“அம்மா, நீங்களே கேளுங்க” என்று பிரபாகரன் கற்பகத்திடம் திரும்பினார். “என் மாமனார் வீட்டையே நான் வேணாம்னு சொன்னவன். இன்னும் என்கூட அவர் பேசறதில்ல. இந்த வீடு நிக்கும்னு நான் சொன்னா அது நிக்கும். புயல் இல்லம்மா, கடலே எழுந்து வந்து கதவைத் தட்டினாலும் நிக்கும்! எந்தக் கொறையும் கெடையாது. இருந்த கொறையும் உங்க வீட்டுக்காரரு பாத்துப் பாத்துச் சரிபண்ண வெச்சிட்டாரு.”

“அவ்ளோ அக்கறை முதலாளிக்கி” என்றார் வீரபாகு.

கற்பகம் புருஷனைப் பார்த்தாள். புருஷன் காலண்டரைப் பார்த்தார்.

“பரவால்லீங்க” என்றாள் அவள் மெதுவாக. “உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம். நான் சும்மாதான் கேட்டேன். வுட்ருங்க.”

அந்த இடத்தில் சுப்பராயலு ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் எதிரே எஞ்சினியர் நின்றார், புரோக்கர் நின்றார். அவள் குரலில் இருந்த தயவு அவருடைய மீசையில் போய்த் தைத்தது. கூடவே, ஏனோ, காலை நனைத்த அந்த அலையும் ஞாபகத்துக்கு வந்தது.

“யாருக்கு இஷ்டமில்ல?” என்று எழுந்தார். “சுப்பராயலு ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதான். வீரபாகு! பத்திரத்துக்கு நாள் பாருய்யா!”

“ஐயோ, வேணாங்க...” என்றாள் கற்பகம்.

“நீ பேசாத. உனக்காகத்தான்!”

பத்திரம் பதிவானது. அடுத்த வாரமே ஒரு வாடகை அம்பாசடரில் கற்பகத்தையும் பரிமளாவையும் ஏற்றிக்கொண்டு சுப்பராயலு புறப்பட்டார். கடைக்கு ரெண்டு நாள் பூட்டு. வந்தவாசி தாண்டியதிலிருந்து, தேக்கு ஜன்னல், ஆத்து மணல், இளநீர்த் தண்ணீர் என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார். எஞ்சினியரின் சுத்தியலைப் போலவே ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தார்.

கார் நின்றதும் அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். கற்பகம் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்குப் போனாள்.

“கற்பகம்! மொதல்ல இந்த உத்தரத்தை வந்து பாரு! துளி துரு இருக்குதா?”

அவள் காதில் விழவில்லை. முழங்கால் வரைக்கும் தண்ணீரில் இறங்கி நின்றாள். ஒரு பெரிய அலை வந்து இடுப்பை நனைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு இதுவரை அவர் கேட்டிராத ஒரு கூச்சலைப் போட்டாள்.

“அய்யே, பட்டுடி அது, பட்டு!” சுப்பராயலு சுத்தியலோடு ஓடினார். “உப்புத் தண்ணி பட்டா ஜரிகை கறுத்துடும்!”

“கறுக்கட்டும்!” என்று கத்திவிட்டு அவள் அவர் மேல் தண்ணீரை வாரி இறைத்தாள். பரிமளா கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சுப்பராயலுவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கிளிஞ்சல் பொறுக்கினார்கள். நண்டைத் துரத்தினார்கள். கற்பகம் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை மணலில் உட்கார்ந்து தின்றார்கள்.

வெயில் சாயத் தொடங்கியதும் கற்பகம் முந்தானையைப் பிழிந்துகொண்டு நிறைந்த மனதோடு எழுந்தாள்.

“போலாங்களா?”

“எங்க?”

“ஊருக்குத்தான். இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும் இல்ல?”

“இன்னா கற்பகம் இது, ரெண்டு நாளைக்கிக் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்! வீட்டுக்குள்ள நீ இன்னும் காலே வெக்கல!”

“அதான் கடலைப் பாத்தாச்சேங்க. இதுக்கு மேல இங்க இன்னா வேலை?” என்று சொல்லிவிட்டு அவள் காரைப் பார்த்து நடந்தாள்.

சுப்பராயலு ஒரு கையில் சாவியும் ஒரு கையில் சுத்தியலுமாக மணலில் நின்றார். கேரியரை எடுக்கக் குனிந்த பரிமளா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“கோச்சிக்காதீங்க மாமா, அக்காவுக்கு ஒரே ஒரு நாள் கடலைப் பாக்கணும்னுதான் ஆசை, அதை நேரா கேட்டா கடையைப் பூட்ட முடியாதும்பீங்க, வீடே வேணும்னு கேட்டா பயந்துபோயி ‘வீடெல்லாம் முடியாது, வேணும்னா ஒரு நாள் கூட்டிகினு போய்க் காட்டறேன்’னு எறங்கி வருவீங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்!”